வாசகர் கேள்வி: ஒரு வருஷம் குடிக்காமல் இருந்துவிட்டுத்தான் சபைக்குத் திரும்ப வேண்டுமா?

கேள்வி: ஐயா, ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 41. இருபத்துமூன்று வயதில் கோயம்புத்தூருக்கு லேத் வேலைக்குப் போனேன். அங்கே வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையுமாக வந்த இரண்டு இளைஞர்கள் மூலம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அறிமுகமானது. மார்மன் சபை என்றால் பலருக்குத் தெரியும். 2008-இல் ஞானஸ்நானம் எடுத்தேன். ஐந்து வருஷம் டீ, காபிகூடத் தொடவில்லை.

அப்பாவுக்கு முடியாமல் போனதால் 2013-இல் ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே சபை இல்லை. காரைக்குடியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டு முடித்த அன்று மேஸ்திரி வாங்கிக் கொடுத்தார். அதில் ஆரம்பித்தது. இப்போது காலையில் ஒரு கட்டிங் போடாவிட்டால் கை நிற்பதில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து வர்ணம் ஊற்றினால் பூவின் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. முதலாளி என்னைக் கலவை போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நாலு தடவை விட்டேன். அதிகபட்சம் இருபது நாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய்ச் சபை வாசலில் நின்றேன். உள்ளே பாட்டு கேட்டது. முதல் நாள் குடித்த வாடை என் வாயிலேயே எனக்குத் தெரிந்தது. அப்படியே பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். ஒரு வருஷம் சுத்தமாக இருந்துவிட்டுப் போவதுதானே மரியாதை? மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? டீயையும் இப்போதே விட வேண்டுமா? சபையை விட்டு வந்ததற்குக் கிடைத்த தண்டனையா இது?
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்: தம்பி, முதலில் அந்தக் கை நடுக்கத்தைப் பேசிவிடுவோம். உங்கள் நாலு கேள்வியில் அது இல்லை. ஆனால் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு வரிதான்.

இந்தப் பகுதியை எழுத ஆரம்பித்தபோது சொன்னதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். நான் புதுவயலில் அரிசி ஆலைகளில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். 1996-இல் சென்னையில் இதே சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன். மூன்று வருஷத்தில் மறுபடி குடிக்கப் போனேன். ஒன்பது வருஷம் அதிலேயே கிடந்தேன். நான் கடைசியாகக் குடித்தது 2008-இல்.

அந்தக் கடைசி நாளுக்கு முன்னால் ஒரு தடவை, இனித் தொடுவதில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டு, ஒரே அடியாக நிறுத்தினேன். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு சுவரெல்லாம் கட்டெறும்பு ஊர்வதாகத் தெரிந்தது. விளக்குமாற்றை எடுத்து விடிய விடிய அடித்துக்கொண்டிருந்தேனாம். என் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னை வேனில் கட்டிப்போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் அரை நாள் கழித்து வந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் நரம்பு தாறுமாறாகிவிடும். ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவே நான் பட்டதுபோல மனம் குழம்பிப்போகலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அர்த்தம் உங்கள் உடம்பும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்பதுதான். அதனால் சத்தியம், நேர்த்தி, விரதம் எதுவும் இப்போது வேண்டாம். டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள், முன்னால் விட்டபோது வலிப்பு வந்ததா என்று கேட்பார்கள். குறைத்துச் சொல்லாதீர்கள். நான் ஒரு குவார்ட்டர் என்று சொன்னேன். என் மனைவி பின்னாலிருந்து மூன்று என்று திருத்தினாள். மருந்தின் அளவை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நடுக்கம் அடங்க மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் படுக்கை. அப்புறம் குடிக்கும் ஆசையைக் குறைக்கிற மாத்திரைகளும் உண்டு. வேலை நாள் வரும்வரை காத்திருக்க முடியாமல் இரவில் பயம் வந்தால் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வலிப்போ மனக் குழப்பமோ வந்துவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லி வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

சரி, இப்போது சபை.

ஒரு வருஷம் சுத்தமாக இருந்துவிட்டுப் போகலாம் என்கிறீர்கள். தம்பி, நான் ஒன்பது வருஷம் அதே நினைப்பில்தான் இருந்தேன். தீபாவளி முடியட்டும், ஆலைக் கணக்கு முடியட்டும், ஆறு மாதம் தாண்டட்டும். தாண்டவே இல்லை. தனியாக நின்று சுத்தமாகிவிட முடிந்திருந்தால் எனக்குச் சபையே தேவைப்பட்டிருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினோராவது நாள் காரைக்குடியில் இரவு பஸ் ஏறி, ஞாயிறு காலை சென்னையில் இறங்கி, கட்டணக் கழிப்பறையில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பழைய முகங்கள் நாலைந்துதான். ஒரு வயதான அம்மா வந்து, “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். அவ்வளவுதான். எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

திருவிருந்தில் ரொட்டித் தட்டு வந்தபோது நான் எடுக்காமல் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன். எடுக்கிற நிலையில் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். தட்டைக் கொண்டுவந்த பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் பாட்டுக்கு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

நம் சபையில் திருவிருந்துக்குத் திராட்சை ரசம் கிடையாது, தண்ணீர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். சபை தொடங்கிய 1830-ஆம் வருஷமே, எதைக் குடிக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, என்னை நினைத்துச் செய்கிறீர்களா என்பதுதான் முக்கியம் என்ற பொருளில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு ஒரு வெளிப்பாடு வந்தது. இப்படி வந்த வெளிப்பாடுகளைத் தொகுத்த கோட்பாடும் உடன்படிக்கைகளும் புத்தகத்தில் 27-ஆம் பாகம். சொட்டு ரசத்தின் வாசனைகூட என்னைக் கடைக்கு இழுத்துப்போகும் என்று பயந்துகொண்டிருந்த காலத்தில், அந்தச் சின்னக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று குடித்தவர்களுக்குத்தான் புரியும்.

அன்று இன்னொன்றும் நடந்தது. தண்ணீருக்கான ஜெபத்தைச் சொன்ன இளைஞன் ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். அந்த ஜெபத்தை எழுதியிருக்கிறபடி வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும். கிளைத் தலைவர் அவனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் தடுமாறினான். மூன்றாவது தடவை சரியாகச் சொன்னான். அதுவரை எல்லாரும் தலை குனிந்து காத்திருந்தார்கள். யாரும் அவனை எழுந்து போகச் சொல்லவில்லை, வேறு ஆளை அழைக்கவும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் அழுதது அப்போதுதான்.

கூட்டம் முடிந்ததும் கிளைத் தலைவரிடம் பேசினேன். பத்து நிமிஷம் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச காலம் திருவிருந்து எடுக்க வேண்டாம், வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்யுங்கள் என்றார். நான்காவது மாதம் எடுத்தேன். நடுவே ஒரு கல்யாண வீட்டில் வழுக்கிவிட்டேன். அதையும் போனில் சொன்னேன். “சரி, நாளைக்கும் போன் செய்யுங்கள்” என்றார். அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

மறுபடி ஞானஸ்நானம் பற்றிக் கேட்டீர்கள். பெயரை நீக்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலோ, சபை முறைப்படி உறுப்பினர் நிலையை விலக்கியிருந்தாலோதான் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். வராமல் இருந்ததும், குடி, புகையிலை, டீ, காபியை விலக்கச் சொல்லும் ஞான வார்த்தையை மீறிக் குடித்ததும் மட்டும் என்றால், அதற்காகத் தவறு செய்தவரை விசாரிக்கும் உறுப்பினர் ஆலோசனை சபை கூட்டுவதில்லை என்று சபையின் கையேட்டிலேயே இருக்கிறது. உங்கள் பெயர் இன்னும் பதிவேட்டில்தான் இருக்கும். வாசலில் நின்றபோதும் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

ஞான வார்த்தை வந்த கதையை அந்த இளைஞர்கள் சொல்லியிருப்பார்கள். 1833 பிப்ரவரி 27, ஒஹாயோ மாநிலம் கர்ட்லண்ட், ஒரு கடையின் மாடி அறை. அங்கே கூடிய வகுப்புக்குத் தீர்க்கதரிசிகளின் பள்ளி என்று பெயர். வந்தவர்கள் குழாய் புகைப்பார்கள், புகையிலை மென்று தரையிலேயே துப்புவார்கள். வெற்றிலைக் கறை படிந்த நம் ஊர்த் திண்ணைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஜோசப்பின் மனைவி எம்மாதான் அந்தத் தரையைத் துடைக்க வேண்டும். அந்தக் குறை காதில் விழுந்த பிறகுதான் ஜோசப் கடவுளிடம் கேட்டார் என்று, அவருக்குப் பிறகு சபைக்குத் தலைவரான பிரிகம் யங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வந்த வெளிப்பாடு கோட்பாடும் உடன்படிக்கைகளும் புத்தகத்தின் 89-ஆம் பாகம். அதன் மூன்றாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பரிசுத்தவான்கள் என்று அழைக்கப்படுகிறவர்களில் பலவீனமானவரும், எல்லாரிலும் மிகப் பலவீனமானவரும்கூடக் கடைப்பிடிக்கிற அளவில் கொடுக்கப்பட்டது என்று வரும். பலமானவர்களுக்கு வைத்த பரீட்சையாக நான் அதை ஒன்பது வருஷம் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலச் சபையாருக்கும் நேரம் கொடுத்துத்தான் பழக்கினார்கள். ஆலயத்துக்குள் (ஞாயிறு கூடும் இடம் இல்லை, சிறப்புச் சடங்குகளுக்கான கட்டிடம்) போவதற்கு அதைக் கட்டாயமாக்கியது 1921-இல். கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம்.

அதனால் டீ விஷயத்தில் என் அபிப்பிராயம் இது. டீயும் காபியும் சபையில் விலக்குதான், அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த மாதம் உங்கள் உயிரை எடுக்கப்போவது டீ இல்லை. முதலில் சாராயம் போகட்டும். டீயைப் பற்றிக் கிளைத் தலைவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். உண்மையில் உங்களுக்குச் சிக்கல் டீக்கடைதான். பட்டறை விட்டதும் எல்லாரும் அங்கே கூடி, அங்கிருந்துதான் கடைக்குக் கிளம்புவார்கள், இல்லையா? சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் கையில் ஏதாவது ஒரு டம்ளர் இருக்க வேண்டும். என் மனைவி சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்து வைத்திருப்பாள். நம் ஊரில் அதைச் சுக்குக் காபி என்கிறோமே தவிர அதில் காபிக் கொட்டையே கிடையாது.

தண்டனையா என்று கேட்டீர்கள். இல்லை, தம்பி. சாராயம் யார் குடித்தாலும் மூளையை இப்படித்தான் பிடிக்கும். சபைக்கே போகாதவர்களுக்கும் கை நடுங்குகிறது. நம் சபையின் வேதமான மார்மன் புஸ்தகத்தில், மோசியா என்ற பகுதியில் ஆல்மா வருகிறாரே, அவர் எங்கிருந்து வந்தவர் என்று யோசித்துப் பாருங்கள். நோவா ராஜாவின் அரண்மனைப் பூசாரிகளில் ஒருவர். அந்த ராஜா திராட்சைத் தோட்டம் போட்டு, ஆலை வைத்து, தானும் குடித்து ஜனங்களையும் குடிக்கவைத்தவன். அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்த ஆல்மாவிடம்தான், என் ஜனங்கள் எத்தனை தடவை மனந்திரும்பினாலும் அத்தனை தடவையும் மன்னிப்பேன் என்று கர்த்தர் பிற்பாடு சொல்கிறார். 26-ஆம் அதிகாரம், முப்பதாம் வசனம். நாலு தடவை விட்டேன் என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நாலு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள் என்றுதான் நான் படித்தேன்.

இங்கே சபை இல்லை என்பது பெரிய குறைதான். எனக்கும் அந்த ஏக்கம் இன்னும் உண்டு. கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர், ஊரில் ஒரு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் கடிதம் எழுதியே பல வருஷம் காத்திருந்து, 1965-இல் ஞானஸ்நானம் எடுத்தார். உங்களுக்கும் எனக்கும் பஸ் இருக்கிறது, போன் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு போங்கள். மற்ற வாரங்களில் கிளைத் தலைவரிடம் போனில் பேசுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாளாக இருக்கும். மாத்திரை சாப்பிடும்வரை நீங்கள் உபவாசம் இருக்கக் கூடாது. உடம்புக்கு முடியாதவர்கள் இருக்க வேண்டியதும் இல்லை.

குடியிலிருந்து மீள்கிறவர்களுக்குச் சபையிலேயே பன்னிரண்டு படிகள் கொண்ட திட்டம் இருக்கிறது. 1935-இல் அதே ஒஹாயோவில், ஆக்ரன் என்ற ஊரில் ஒரு டாக்டரும் ஒரு பங்குத் தரகரும் உட்கார்ந்து பேசியதில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் படிகளைத்தான், அவர்கள் அனுமதியோடு சபை தன் முறைக்கு மாற்றிக்கொண்டது. முதல் படி நேர்மை. கிளைத் தலைவரிடம் அதன் புத்தகத்தைக் கேளுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. அது ஒரு மதமும் இல்லை, அதனால் தயங்காமல் போகலாம். குடிக்கத் தோன்றும் இரவில் கூப்பிட நாலு பேர் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். அது சபையில் கிடைத்தாலும் சரி, அங்கே கிடைத்தாலும் சரி.

முதலாளியிடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். உங்களை வேலையைவிட்டு அனுப்பாமல் கலவை போட வைத்திருக்கிறாரே, அவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். நடுக்கம் அடங்கியதும் உடனே அச்சைக் கேட்காதீர்கள். எனக்கு எண்கள் ஒழுங்காக எழுத வந்ததே இரண்டு மாதம் கழித்துத்தான். மகளிடமும் மறைக்க வேண்டாம். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். கோயம்புத்தூருக்கு முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

கேள்வி: ஐயா, என் கணவரும் ஒரு காலத்தில் நீங்கள் சொல்லும் சபைக்குப் போனவர்தான். இப்போது தினமும் குடி. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியே மறந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? அவருக்காக ஜெபம் மட்டும் பண்ணினால் போதுமா?
(ஒரு சகோதரி, தேவகோட்டை)

பதில்: அம்மா, கொடுக்காதீர்கள். இப்படிக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் டைசல்பிராம் இருக்கலாம். அதைச் சாப்பிட்டவர் அதற்கு மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயமோ ஈரலோ கெட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்கள் அதைக் கொடுப்பதுண்டு. ஆனால் பரிசோதனை செய்து, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். தெரியாமல் கலந்தது ஒருநாள் அவருக்குத் தெரிந்துபோனால், நீங்கள் வைக்கும் சோற்றையே அப்புறம் நம்ப மாட்டார்.

ஜெபம் பண்ணுங்கள். கூடவே நீங்கள் மட்டும் போய் மனநல டாக்டரைப் பாருங்கள், அவர் வராவிட்டாலும் பரவாயில்லை. குடிக்கிறவர் வீட்டார் எப்படிப் பேசலாம், எதை மூடி மறைக்கக் கூடாது என்று சொல்லித் தருவார்கள். போதை மீட்புக்கான 14446 எண்ணிலும் கேட்கலாம். அவர் அடித்தால் அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கோ நம்பிக்கையான இடத்துக்கோ போய்விடுங்கள். அவரைத் திருத்துவதற்காக நீங்கள் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை.

அவர் நிதானமாக இருக்கிற காலை நேரம் பார்த்து மேலே உள்ள தம்பியின் கடிதத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். என் பதிலைப் படிக்க வேண்டாம். அவரே கேட்டால் கொடுங்கள். அந்த மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம், பிள்ளைகள் கையில் கிடைத்துவிடும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.